லைடன் குடும்பங்களும் கல்லீரல் கொழுப்பும்: நடுவில் ஒரு 'ஆகவே'

நீண்ட ஆயுள் உள்ள குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு குறைவு, சர்க்கரை நோயும் குறைவு. ஆகவே கல்லீரலில் படிந்த கொழுப்பைக் கரைத்துவிட்டால் நாமும் தொண்ணூறைத் தாண்டலாம்.

இப்படி ஒரு வாதம் கொஞ்ச நாளாக வாட்ஸப் ஃபார்வர்டுகளிலும் உடல்நலக் காணொளிகளிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் வாக்கியம் பெரும்பாலும் சரி. இரண்டாவதில் சொல்கிற அறிவுரையும் கெட்டதில்லை, எந்த டாக்டரும் அதையேதான் சொல்வார். எனக்கு உதைப்பது இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற 'ஆகவே'. அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று தாவல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, குடும்பத்திலிருந்து மரபணுவுக்கு. இரண்டு, உடலில் ஏதோ ஒரு வித்தியாசத்திலிருந்து கல்லீரலுக்கு. மூன்று, அடையாளத்திலிருந்து காரணத்துக்கு. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு இந்தத் தாவல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இது மருத்துவ ஆலோசனையும் இல்லை. ஒரு வாதத்தை அதன் ஆதாரங்களோடு வைத்து வாசிக்கிற முயற்சி, அவ்வளவுதான்.

முதலில், அந்த ஆய்வின் அழகு

நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் 2002-இல் ஆள் சேர்க்கத் தொடங்கிய ஆய்வு இது. லைடன் நீண்ட ஆயுள் ஆய்வு என்பார்கள். எலீன் ஸ்லாக்போம், ரூடி வெஸ்டன்டார்ப் போன்றவர்கள் இதன் முக்கியப் பெயர்கள். சேர்வதற்கான நிபந்தனை கடுமையானது. ஒரு குடும்பத்தில் குறைந்தது இரண்டு உடன்பிறப்புகள் உயிரோடு இருக்க வேண்டும். ஆண் என்றால் 89, பெண் என்றால் 91 வயதைத் தொட்டிருக்க வேண்டும். அப்படி 421 குடும்பங்கள், 944 முதியவர்கள் கிடைத்தார்கள்.

ஒரு தாத்தா 95 வரை இருந்தார் என்றால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். அண்ணன் தங்கை இரண்டு பேருமே அந்த வயதைத் தாண்டியிருந்தால் வெறும் அதிர்ஷ்டத்துக்கான வாய்ப்பு குறைகிறது. இந்த வடிகட்டி புத்திசாலித்தனமானது. ஆனால் உண்மையான கெட்டிக்காரத்தனம் அடுத்த படியில் இருக்கிறது. தொண்ணூறு வயதுக்காரர்களை யாரோடு ஒப்பிடுவது? அவர்களோடு பிறந்த மற்றவர்கள் பெரும்பாலும் செத்துப்போய்விட்டார்கள். அதனால் ஆய்வாளர்கள் ஒரு தலைமுறை கீழே இறங்கினார்கள். முதியவர்களின் பிள்ளைகள் 1,671 பேர். ஒப்பிடுவதற்கு அந்தப் பிள்ளைகளின் கணவன் அல்லது மனைவி, 744 பேர்.

யோசித்துப் பாருங்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஊர்க் காற்று, ஒரே வருமானம். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருகிற இரண்டு பேர். ஒருவர் நீண்ட ஆயுள் குடும்பத்தில் பிறந்தவர், இன்னொருவர் அந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாகவோ மருமகளாகவோ வந்தவர். இதைவிட மலிவான, நேர்த்தியான ஒப்பீட்டுக் குழுவை நினைத்துப் பார்ப்பது கஷ்டம்.

2006-இல் வந்த முதல் கட்டுரையிலேயே ஒரு நல்ல செய்தி இருந்தது. அந்த முதியவர்களின் உடன்பிறப்புகள், பெற்றோர், பிள்ளைகள் மூன்று தலைமுறையிலும் இறப்பு விகிதம் பொது மக்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. முதியவர்களோடு வாழ்ந்த கணவன் மனைவியரிடம் அந்தச் சலுகை இல்லை. ஆக, கூட வாழ்ந்தால் ஒட்டிக்கொள்கிற விஷயம் இல்லை இது.

2009-இல் வந்த இன்னொரு கட்டுரை பிள்ளைகளின் நோய்க் கணக்கைச் சொன்னது. சர்க்கரை நோய் பிள்ளைகளில் 4.4 சதவீதம், வாழ்க்கைத் துணைகளில் 7.6 சதவீதம். மாரடைப்பு 2.4-க்கு 4.1. இதே எண்ணைத் திருப்பியும் சொல்லலாம்: நூறு பிள்ளைகளில் சுமார் 96 பேருக்குச் சர்க்கரை இல்லை, நூறு துணைகளில் சுமார் 92 பேருக்குச் சர்க்கரை இல்லை. 'ஏறக்குறைய பாதியாகக் குறைவு' என்பதும் சரிதான், 'நூற்றுக்கு மூன்று பேர் வித்தியாசம்' என்பதும் சரிதான். காணொளிக்காரர் முதலாவதைத்தான் எடுப்பார். நீங்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

24 பேர், ஒரு ஊசி, ஒரு சொட்டு மருந்து

இப்போது வாதத்தின் இதயத்துக்கு வருவோம். 2011-இல் ஏஜிங் செல் இதழில் வெய்ஸ்மன் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. நீண்ட ஆயுள் குடும்பங்களின் அடையாளம் நல்ல இன்சுலின் உணர்திறன் என்பது அதன் முடிவு. அதில் பயன்படுத்திய முறைக்கு கிளாம்ப் என்று பெயர். இந்தத் துறையின் உரைகல் அது.

முறை எளிமையானது, செய்வதுதான் சிரமம். ஒரு பக்கம் இன்சுலினை நிலையான வேகத்தில் ஏற்றுவார்கள். இன்சுலின் ஏறினால் ரத்தச் சர்க்கரை விழும். விழாமல் இருக்க இன்னொரு பக்கம் க்ளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரத்தத்தைப் பார்த்து அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். சர்க்கரையை ஒரே கோட்டில் பிடித்து வைக்க எவ்வளவு க்ளுக்கோஸ் தேவைப்பட்டதோ, அவ்வளவு உங்கள் உடல் இன்சுலினுக்குக் காது கொடுக்கிறது என்று அர்த்தம். அதிகம் தேவைப்பட்டால் நல்லது.

முடிவு: பிள்ளைகள் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 42.5 மைக்ரோமோல் க்ளுக்கோஸை உள்வாங்கினார்கள். ஒப்பீட்டுக் குழு 33.2. வயது, பால், கொழுப்பு எடை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் நிற்கிறது. இரண்டு குழுவுக்கும் பிஎம்ஐ ஏறக்குறைய ஒன்றுதான். வெளியே ஒரே உருவம், உள்ளே வேறு இயந்திரம்.

மொத்தம் எத்தனை பேரிடம் செய்தார்கள்? 24 பேர்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கிளாம்ப் என்பது ஒரு ஆளைப் பல மணி நேரம் படுக்க வைத்துச் செய்கிற வேலை, ஆயிரம் பேரிடம் செய்ய முடியாது. ஆனால் 24 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒரு கணக்குப் போடலாம். கட்டுரையில் கொடுத்திருக்கும் திட்டப்பிழை இரண்டு குழுவுக்கும் 2.7. குழுவுக்கு 12 பேர் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஆள் இருக்கிற பரவல் தோராயமாக 9.4. இரண்டு சராசரிகளுக்கும் உள்ள இடைவெளி 9.3. அதாவது இடைவெளியும் பரவலும் ஒரே அளவு.

இதன் அர்த்தம் என்ன? இரண்டு குழுவிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொருவரை எடுத்தால், நாலு தடவையில் மூன்று தடவை நீண்ட ஆயுள் குடும்பத்துப் பிள்ளை ஜெயிப்பார், ஒரு தடவை துணை ஜெயிப்பார். இது தோராயக் கணக்கு. பரவல் மணி வடிவத்தில் இருக்கிறது என்ற அனுமானமும் இதில் இருக்கிறது. இருந்தாலும் படம் தெளிவு. குழு சராசரியில் பெரிய வித்தியாசம், ஆனால் தனி ஆளின் விதியைச் சொல்ல இது போதாது. தவிர, சின்ன ஆய்வில் ஒரு வித்தியாசம் புள்ளியியல் வேலியைத் தாண்டிவிட்டால், அது பெரும்பாலும் நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும். சின்ன அளவு வித்தியாசத்தால் அந்த வேலியைத் தாண்டவே முடியாது என்பதுதான் காரணம்.

ஆனால் இதே கட்டுரையில் என்னைக் கவர்ந்த ஒரு வரி உண்டு. ஒருவர் உள்வாங்கும் க்ளுக்கோஸின் அளவு, அவருடைய பெற்றோர் இறந்த சராசரி வயதோடு சேர்ந்து ஏறுகிறது. இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவதைவிட இது வலுவான செய்தி. பெட்டிக்குப் பெயர் வைத்ததால் வந்த வித்தியாசம் இல்லை, படிப்படியாக ஏறுகிற ஒரு சரிவு என்று காட்டுகிறது.

வித்தியாசம் எந்த உறுப்பில்?

கல்லீரல் கதைக்கு முட்டுக்கட்டை போடுவது இந்த இடம்தான். காணொளிகளில் இது வருவதே இல்லை.

கிளாம்ப் செய்யும்போது உடலில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, தசை க்ளுக்கோஸை இழுக்கிறது. இரண்டு, கல்லீரல் தானாகச் சர்க்கரை உற்பத்தி செய்வதை இன்சுலின் அடக்குகிறது. இரண்டையும் பிரித்து அளக்க வழி உண்டு, லைடன் குழு அளந்தது. தசையின் பக்கம் வித்தியாசம் இருந்தது. கல்லீரலின் உற்பத்தியை அடக்குவதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொழுப்புத் திசு கொழுப்பை வெளியே விடுவதை அடக்குவதிலும் அப்படியே.

அடுத்த வருடம் அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. காந்த அதிர்வு நிறமாலை மூலம் தசை நார்களுக்குள் இருக்கும் கொழுப்பை அளந்தார்கள். நீண்ட ஆயுள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது குறைவு. மறுபடியும் தசை.

மூன்றாவதாக 2015-இல் வயிற்றை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த கட்டுரை. பிள்ளைகளுக்கு வயிற்றுக் கொழுப்பு குறைவு. குடலைச் சுற்றியுள்ள உள்ளுறுப்புக் கொழுப்பின் வித்தியாசம் குறிப்பாக ஆண்களிடம் தெரிந்தது. ஃபார்வர்டுகளில் இந்த 'ஆண்களிடம்' காணாமல் போய்விடுகிறது. 'வயிற்றுக் கொழுப்பு' என்பது வழியிலேயே 'கல்லீரல் கொழுப்பு' ஆகிவிடுகிறது. இரண்டும் கூட்டாளிகள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 24 பேரில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் வித்தியாசமே இல்லை என்று ஆகிவிடாது. கல்லீரல் எவ்வளவு சர்க்கரை விடுகிறது என்பதும், அதில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதும் வேறு வேறு அளவுகள். ஆகவே 'கல்லீரலுக்குச் சம்பந்தமில்லை' என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிற ஆதாரம் கை காட்டுகிற திசை தசை. கல்லீரலைக் கதாநாயகனாக்க இந்தக் கட்டுரைகள் இடம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் என் வாதம்.

கியூ நிரம்பினால் குற்றவாளி யார்?

அப்படியானால் கல்லீரல் கொழுப்புக்கு இந்தக் கதையில் என்ன இடம்? இதற்கு நல்ல பதில் லைடனில் இல்லை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன், கிட் பீட்டர்சன் ஆகியோரின் வேலையில் இருக்கிறது.

2007-இல் அவர்கள் ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலருக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, சிலருக்குச் செய்யவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் மாவுச்சத்து அதிகமுள்ள இரண்டு வேளைச் சாப்பாடு. சாப்பிட்ட சர்க்கரை எங்கே போகிறது என்று பார்த்தார்கள். இன்சுலின் வேலை செய்யாதவர்களின் தசையில் க்ளைகோஜன் சேமிப்பு சுமார் 60 சதவீதம் குறைவு. தசை வாங்காத அந்தச் சர்க்கரை கல்லீரலுக்குப் போய், அங்கே புதிதாகக் கொழுப்பு உருவாவது 2 மடங்குக்கு மேல். உள்ளுறுப்புக் கொழுப்பில் இரண்டு கூட்டத்துக்கும் அந்தக் கட்டத்தில் வித்தியாசமே இல்லை. அதாவது தொப்பை விழுவதற்கு முன்பே தசை மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த காட்சிதான். நள்ளிரவில் அலர்ட் வரும், ஒரு கியூ நிரம்பி வழிகிறது என்று. புதுசாக வேலைக்கு வந்த பையன் அந்தக் கியூவைக் காலி செய்துவிட்டுத் தூங்கப் போவான். காலையில் மறுபடி நிரம்பியிருக்கும். ஏனென்றால் கியூவில் கோளாறு இல்லை. அதிலிருந்து எடுத்து வேலை பார்க்க வேண்டிய சர்வீஸ் மந்தமாகிவிட்டது. தசைதான் அந்த சர்வீஸ், கல்லீரல் அந்தக் கியூ.

இதே குழுவிலிருந்து 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு உவமையை இன்னும் உறுதியாக்குகிறது. அதே மாதிரி இன்சுலின் வேலை செய்யாத ஒல்லி இளைஞர்கள், ஒரே ஒரு தடவை 45 நிமிட உடற்பயிற்சி. அதன் பிறகு சாப்பாடு கொடுத்தால் தசையில் க்ளைகோஜன் சேமிப்பு 3 மடங்குக்கு மேல் கூடுகிறது, கல்லீரலில் புதுக்கொழுப்பு உருவாவது சுமார் 30 சதவீதம் குறைகிறது. உடல் எடை ஒரு கிராம் குறையவில்லை. கல்லீரலை யாரும் 'டீடாக்ஸ்' பண்ணவும் இல்லை. வாங்குகிற இடத்தைத் திறந்துவிட்டார்கள், வழிவது குறைந்தது.

கல்லீரல் கொழுப்பு எல்லாம் ஒரே கொழுப்பா?

கல்லீரல் கொழுப்பின் அளவே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், பிறவியிலேயே அது அதிகமாக இருப்பவர்களுக்கு எல்லா வகையிலும் கெடுதல் நடக்க வேண்டும். இயற்கை இந்தப் பரிசோதனையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

2008-இல் டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸ் குழு பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு மற்றவர்களைவிட 2 மடங்குக்கு மேல். ஆனால் அதற்கு ஏற்ற மாதிரி இன்சுலின் எதிர்ப்பு கூடவில்லை. இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரலே கெடுகிற ஆபத்து நிஜம், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை, இன்சுலின் என்கிற கதை இங்கே ஒத்துப்போகவில்லை.

டிஎம்6எஸ்எஃப்2 என்று இன்னொன்று. இதில் உள்ள ஒரு மாற்றம் கல்லீரலிலிருந்து கொழுப்பு வெளியேறுவதைத் தடுக்கிறது. கல்லீரலில் கொழுப்பு தேங்குகிறது, ரத்தத்தில் கொழுப்பு குறைகிறது. விளைவு, கல்லீரலுக்குக் கெடுதல், இதயத்துக்குப் பாதுகாப்பு!

ஆக, 'கல்லீரலில் கொழுப்பு' என்ற ஒரே பெயரில் குறைந்தது இரண்டு வேறு நிலைமைகள் இருக்கின்றன. வெளியேறும் வாசல் அடைத்துத் தேங்குவது ஒன்று. உள்ளே வரும் வெள்ளம் அதிகமாகி நிரம்புவது இன்னொன்று. நம்மில் பெரும்பாலோர் பிரச்சினை இரண்டாவது. நீண்ட ஆயுள் குடும்பங்களின் சலுகையும் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களிடம் அளந்து கண்ட வித்தியாசங்கள் எல்லாம் வெள்ளத்தைப் பற்றியவை.

எதிர்த்தரப்பு

இதுவரை சொன்னதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. நியூகாசிலின் ராய் டெய்லர். கல்லீரல் வெறும் கியூ இல்லை, அது நிரம்பினால் பிறருக்கும் கெடுதல் செய்யும் என்பது அவர் வாதம். கல்லீரலில் தேங்கிய கொழுப்பு ரத்தம் வழியாகக் கணையத்துக்கும் போய், இன்சுலின் சுரப்பையே முடக்குகிறது என்கிறார். 2011-இல் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு 8 வாரம், நாளைக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தார். கல்லீரல் கொழுப்பு 12.8 சதவீதத்திலிருந்து 2.9-க்கு இறங்கியது. முதல் வாரத்திலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது. பிறகு வந்த டைரெக்ட் என்கிற பெரிய சோதனையில், எடை குறைப்புத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் மருந்தில்லாமல் சர்க்கரை நோயிலிருந்து விடுபட்டிருந்தார்கள்.

இது பெரிய விஷயம். கல்லீரல் கொழுப்பைக் குறைப்பது வீண் வேலை என்று என் வாதத்தை யாராவது எடுத்துக்கொண்டால், டெய்லரின் நோயாளிகள் எழுந்து நின்று மறுப்பார்கள். ஏற்கெனவே சர்க்கரை வந்தவருக்குக் கல்லீரல்தான் முதல் கதவு.

ஆனால் டெய்லர் கேட்ட கேள்வியும் லைடன் கேட்ட கேள்வியும் வேறு. நோய் வந்தவரை மீட்பது எப்படி என்பது டெய்லருடையது. சிலருக்கு ஏன் வருவதே இல்லை என்பது லைடனுடையது. தீயை அணைக்கிற வழியும் தீப்பிடிக்காத வீட்டின் ரகசியமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டைரெக்ட்டில் அளந்தது சர்க்கரை நோய், நூறு வயது இல்லை. காணொளிகள் ஒரு கேள்வியின் பதிலை எடுத்து இன்னொரு கேள்வியின் கீழே ஒட்டிவிடுகின்றன.

குடும்பம் என்றால் மரபணுவா?

மிச்சமிருக்கிறது முதலில் சொன்ன தாவல். லைடனின் துணைகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள்தான், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு. அம்மாவின் கர்ப்பம், குழந்தைப் பருவம், பள்ளிக்கூட நாட்கள் எல்லாம் வேறு வேறு வீடுகளில். அதனால் பிள்ளைக்கும் துணைக்கும் உள்ள வித்தியாசத்தை முழுக்க மரபணுவின் கணக்கில் எழுத முடியாது.

மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதே இன்னும் விவாதத்தில் உள்ளது. 1870-க்கும் 1900-க்கும் இடையே பிறந்த டேனிஷ் இரட்டையர்களை வைத்து 1996-இல் போட்ட கணக்கு, ஆயுளின் பரம்பரைப் பங்கு ஆண்களில் 26 சதவீதம், பெண்களில் 23 சதவீதம் என்றது. 2018-இல் ரூபி குழு கோடிக்கணக்கான மனிதர்களின் வம்ச மரங்களை எடுத்துப் பார்த்து, 10 சதவீதத்துக்கும் கீழே என்றது. காரணம் சுவாரஸ்யமானது. மச்சான், கொழுந்தியாள், சம்பந்தி வழி உறவு என்று ரத்த சம்பந்தமே இல்லாதவர்களின் ஆயுளும் ஒத்துப்போகிறது. மனிதர்கள் தங்களைப் போன்றவர்களையே கல்யாணம் செய்துகொள்கிறார்கள். படிப்பு, வசதி, பழக்கம் எல்லாம் பொருத்தம் பார்த்துத்தான். நமக்கு இதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை!

இது லைடனுக்கு எதிரான சாட்சி என்று அவசரப்பட வேண்டாம். ஒத்தவர்கள் கல்யாணம் செய்துகொண்டால் பிள்ளைக்கும் துணைக்கும் இடையே உள்ள வித்தியாசம் குறைந்துதான் தெரியும். அப்படியும் வித்தியாசம் தெரிகிறது என்றால் அது வலு. தவிர, சராசரி ஆயுளின் பரம்பரைப் பங்கு வேறு, அபூர்வமான ஆயுளின் பரம்பரைப் பங்கு வேறு. 2019-இல் வான் டென் பெர்க் குழு காட்டியது இதைத்தான். தன் தலைமுறையில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிற அளவு நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதே பொருட்படுத்த வேண்டிய எண். "எங்க தாத்தா ஒருத்தர் 95 வரைக்கும் பீடி குடிச்சுட்டே இருந்தாரு, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்கிற வாதம் இங்கே செல்லாது. ஒற்றைத் தாத்தா போதாது.

பீடித் தாத்தாவுக்கு ஆதரவாக ஒரு ஆய்வு இருப்பதையும் மறைக்கக் கூடாது. 2011-இல் நியூயார்க்கின் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் நிர் பர்சிலாய் குழு, 95 வயதைத் தாண்டிய 477 அஷ்கெனாசி யூதர்களின் பழக்கவழக்கங்களைப் பொது மக்களோடு ஒப்பிட்டது. எடை, புகை, மது, உடற்பயிற்சி எதிலும் அவர்கள் மற்றவர்களைவிட உத்தமர்களாக இல்லை. அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அவர்கள் சம்பாதித்தது இல்லை. அதனாலேயே அவர்களைப் பார்த்துக் காப்பியடித்தால் நமக்கு அது கிடைக்காது. நூறு வயது தாத்தாவிடம் போய் 'என்ன சாப்பிடுவீங்க?' என்று கேட்டு வருகிற பேட்டிகளின் அடிப்படைக் கோளாறு இதுதான்.

ஒப்பீட்டுக் குழுவிலிருந்து

இதையெல்லாம் நான் எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அம்மாவழியில் பாட்டிக்கு 94, பாட்டியின் தங்கைக்கு 91, இரண்டு பேரும் இன்னும் தன் துணியைத் தானே துவைக்கிறவர்கள். என் அப்பா 61-இல் போய்விட்டார், பெரியப்பா 58-இல். ஒரே சாம்பார், ஒரே எண்ணெய், ஒரே இட்லி. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று வந்தது எனக்கு மட்டும். லைடன் பாஷையில் நான் துணை, ஒப்பீட்டுக் குழு. கட்டுரைகளில் நிழல் மாதிரி வந்து போகிற அந்த 744 பேரின் கட்சி.

அந்தக் கட்சியில் இருந்து பார்த்தால் சில விஷயங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன. துணைகள் நோயாளிகள் இல்லை. அவர்கள் சாதாரண நெதர்லாந்துக்காரர்கள், பொது மக்களின் மாதிரி. 33.2 என்பது தோல்வி எண் இல்லை, சராசரி. நீண்ட ஆயுள் குடும்பங்களைப் பற்றிய செய்திகள் சராசரி மனிதனை நோயாளி போல உணர வைக்கின்றன.

ஆனால் நாம் டச்சுக்காரர்களும் இல்லை, அதையும் சேர்க்க வேண்டும். 2006-இல் ஷுல்மன் குழுவே ஒல்லியான இளம் ஆண்களைப் பல இனங்களிலிருந்தும் எடுத்துப் பார்த்தது. இந்திய வம்சாவளி ஆண்களிடம் இன்சுலின் எதிர்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். அதோடு சேர்ந்து கல்லீரல் கொழுப்பும் வெள்ளைக்காரர்களைவிட ஏறக்குறைய 2 மடங்கு. புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004-இல் லான்செட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்ட புகைப்படம் பலருக்கு நினைவிருக்கலாம். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. லைடனின் கணவன் மனைவி ஜோடியும் இதே படம்தான்: வெளி அளவு ஒன்று, உள் கணக்கு வேறு. எடை மெஷினை மட்டும் நம்புகிற நம் ஊர் 'ஒல்லிதான், பிரச்சினை இல்லை' மனநிலைக்கு இரண்டு படமும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

ரிப்போர்ட் பற்றியும் ஒரு வரி. கல்லீரல் கொழுப்பு 5.56 சதவீதத்தைத் தாண்டினால் அதிகம் என்பது காந்த அதிர்வு நிறமாலையை வைத்து டல்லாஸ் ஆய்வு 2005-இல் வகுத்த கோடு. சாதாரண அல்ட்ராசவுண்ட் அந்த ஆரம்ப அளவுகளைச் சரியாகப் பிடிக்காது, சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே தடுமாறும். ஆகவே 'நார்மல்' என்ற ரிப்போர்ட் ஒரு நற்சான்றிதழ் இல்லை. 'கிரேடு 1' என்பதும் கடைசியாக நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவின் தண்டனை இல்லை, அதற்கு முன்னால் ஓடிய வருடங்களின் கணக்கு.

சரி, பிள்ளைகளாகப் பிறக்காதவர்களுக்கு?

லைடன் ஆய்வில் என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் பயன்படும் பகுதி அதிகம் பேசப்படாத ஒன்று. 2016-இல் வெளியான 'சேர்ந்து முதுமையடைவோம்' என்கிற சோதனை. லைடன் குடும்பங்களின் பிள்ளைகளையும் துணைகளையும் சேர்த்து 164 பேர், சராசரி வயது 63. 13 வாரம், சாப்பாட்டில் 12.5 சதவீதம் குறைப்பு, உடல் உழைப்பில் 12.5 சதவீதம் கூடுதல். கடுமையான விரதம் ஒன்றுமில்லை.

சராசரி எடை 4.2 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாம் மேம்பட்டன. ரத்தத்தில் அளந்த மாற்றங்கள் பலவும் எடை குறைந்ததால் மட்டுமே வந்தவை இல்லை என்றும் பார்த்தார்கள். ஆனால் வெறும் வயிற்று இன்சுலின் எதிர்பார்த்த அளவு குறையவில்லை, ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அந்தக் கட்டுரையை மதிக்கிறேன். 63 வயதில் ஆரம்பித்தால் பலன் உண்டு, எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை என்று மறைக்காமல் சொல்கிறது.

இப்போது அந்த 'ஆகவே'யைத் திருத்தி எழுதலாம். நீண்ட ஆயுள் குடும்பங்களில் பிறந்தவர்களின் தசை சர்க்கரையை நன்றாக வாங்குகிறது. அப்படி வாங்காத உடலில் மிச்சம் கல்லீரலுக்கு வழிகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே கல்லீரல் கொழுப்பை நூறு வயதுக்கான சாவியாகப் பார்ப்பதைவிட, தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பதன் ரசீதாகப் பார்ப்பது ஆதாரத்துக்கு நெருக்கமானது. நடை, படி ஏறுதல், எடை தூக்குதல், சாப்பாட்டு அளவு என்று சலித்துப்போன அதே அறிவுரைதான் கடைசியில் வருகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். அதைச் செய்ய நீண்ட ஆயுள் குடும்பத்தில் பிறந்திருக்கத் தேவையில்லை. செய்தால் தொண்ணூறு நிச்சயம் என்ற பொய்யும் தேவையில்லை. 45 நிமிட உழைப்புக்குத் தசை அன்றைக்கே பதில் சொல்கிறது. அந்த ஒல்லி இளைஞர்களிடம் அளந்து காட்டிய விஷயம் அது.

இந்தத் துறையிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஒரே ஆட்களிடம், ஒரே நாளில், தசைக்குள் கொழுப்பு, கல்லீரலுக்குள் கொழுப்பு, கிளாம்ப் மூன்றையும் அளந்து, 24-ஐ 240 ஆக்கி, துணைகளின் பெற்றோர் இறந்த வயதையும் பக்கத்தில் எழுதி ஒரு கட்டுரை போடுங்கள். கியூ முதலில் நிரம்பியதா, சர்வீஸ் முதலில் மந்தமானதா என்று அதில் தெரிந்துவிடும். அப்படி ஒரு கட்டுரை கண்ணில் பட்டால் இணைப்பை அனுப்புங்கள், அடுத்த குறிப்பு அதைப் பற்றித்தான்.